மான்ட்ரோ 1968: பாஸ் கேட்கவில்லை என்றவருக்கு

வணக்கம் நண்பரே. ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் 1968-இல் வாசித்த பதிவில் பியானோ மட்டுமே கேட்கிறது, முதல் நிமிடத்துக்குப் பிறகு பாட்டின் மெட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதல் குறைக்குக் காரணம் உங்கள் கைபேசி ஒலிபெருக்கிதான். டபுள் பாஸ் என்னும் பெரிய, ஆழ்ந்த ஒலியுள்ள தந்திக் கருவியின் மிகத் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அவ்வளவு சிறிய ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது. நல்ல ஹெட்போன் வழியாகக் கேளுங்கள்.

இரண்டாவது சிக்கலுக்கு, தயவுசெய்து முதல் பாடலிலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள். 'எம்ப்ரேஸபிள் யூ'வில் தொடங்குங்கள். அதில் எடி கோமஸின் பாஸ்தான் முன்னால் நிற்கிறது. மெல்லிய தந்திகளின் உச்சியில் அவர் பாடவே செய்கிறார். அடுத்து 'நார்டிஸ்'. தொடக்க மெட்டை நீங்களே முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். அது 32 அளவைகள் (பார் எனப்படும் தாளக் கட்டங்கள்) கொண்ட ஒரு சுற்று. மெட்டு மறைந்த பிறகும் அந்தச் சுற்றும் அதன் சுரக்கூட்டுகளும் (கார்டுகளும்) திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் மேல்தான் பியானோ புதிது புதிதாகக் கட்டுகிறது. மனத்துக்குள் மெட்டை ஓடவிட்டபடியே கேளுங்கள், வழி தப்பாது.

டிரம்ஸில் ஜாக் டிஜானெட். இந்தக் குழுவில் சில மாதங்களே இருந்தார். மறு ஆண்டே டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குப் போய்விட்டார். எவன்ஸை இவ்வளவு துணிச்சலாகத் தள்ளிச் சென்றவர்கள் குறைவு என்பது என் கருத்து. சிம்பல் எனப்படும் உலோகத் தாளத் தட்டில் அவர் வலக்கை செய்வதை மட்டும் ஒருமுறை தொடர்ந்து கேளுங்கள்.

'ஐ லவ்ஸ் யூ, போர்கி'யில் பாஸைத் தேட வேண்டாம். அது தனிப் பியானோ.