மண்கரைத் துளைகள்: பாம்பு இல்லீங்க, பஞ்சுருட்டான்

பாம்பு வளையோன்னு பயந்து மூடிடலாமான்னு கேட்டீங்க. அந்தத் துளைகளை இப்ப மூடாதீங்க. காங்கயம் பக்கம் பாதியில நின்னுபோன சைட்டில, கிராவல் அள்ளின குழியோட செங்குத்துக் கரையில வரிசையா துளைன்னு சொல்றீங்க. அது பெரும்பாலும் பச்சைப் பஞ்சுருட்டான்ங்கற குருவியோட கூடுதாங்க. நல்லபாம்பும் சாரையும் வளை தோண்டாது, எலி வளையிலதான் புகுந்துக்கும்.

பொக்லைன் வெட்டிவிட்ட கரைதான் பஞ்சுருட்டானை இழுத்திருக்கும். அலகால கொத்தி, காலால மண்ணைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கை நீளத்துக்கும் மேல குடையும் அந்தச் சின்னக் குருவி. ஆள் நடமாட்டமும் நின்னுபோச்சுங்களே.

துளை வாயோட அடி விளிம்பைப் பாருங்க. நடந்து நடந்து ரெண்டு கோடு பள்ளமாப் பதிஞ்சிருக்கும். கீழே தட்டான் இறக்கை உதிர்ந்து கிடந்தா சந்தேகமே வேண்டாம். துளை பெருசா இருந்து மீன் நாத்தம் அடிச்சா, மீன்கொத்தி.

மாசி கடைசியில இருந்து ஆனி வரைக்கும் பஞ்சுருட்டானுக்குக் குஞ்சு காலம். முட்டையிட்டு குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒன்றரை மாசம். அதுவரைக்கும் ஜேசிபியை நிறுத்தி வைங்க, கையெடுத்துக் கேட்டுக்கறேன்.

ஒண்ணு மட்டும்: கையை உள்ள விட்டுப் பாத்துடாதீங்க. பழைய துளையில பாம்பு வந்து தங்கறதும் உண்டு.