தூக்குத் தண்டனை: குறை நடைமுறையிலா, தண்டனையிலேயா?

நாகர்கோவிலில் சட்டம் கற்பிப்பவன் என்ற முறையில், மரண தண்டனை பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு விடையளிக்கிறேன்.

தக்கலையிலிருந்து: ஐயா, ஏழைக்குத் தூக்கு, வசதியுள்ளவருக்கு ஆயுள் என்பது நடைமுறைக் குறைதானே? அதனால் தண்டனையே அநீதி ஆகிவிடுமா?

அதனால் மட்டும் ஆகாது. தலைக்கவசம் அணியாத பத்துப் பேரில் ஒருவரிடம் மட்டும் அபராதம் வாங்கினால், தப்பிய ஒன்பது பேரைக் காட்டி அவர் தம்மைக் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் பாருங்கள். ஒரே கொலை வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் தனித்தனியே உச்ச நீதிமன்றம் சென்றதால், ஒருவருக்கு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இன்னொருவர் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி அதே நீதிமன்றம் 1982இல் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. அபராதமாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

தோவாளையிலிருந்து: எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதிவிட்டால் தீராதா?

எழுதிப் பார்த்தாயிற்று. ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்றது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு. மிட்டு வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது. குற்றவாளியின் சூழலைப் பார்க்காமல் உயிரைப் பறிப்பது நியாயமாகாது. அது சரியான தீர்ப்பு. சூழலைப் பார்க்கும் பொறுப்பை நீதிபதியிடம் விட்டாலோ, பச்சன் சிங் வழக்கு 1980இல் வகுத்த 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே தூக்கு என்ற அளவுகோலை ஒவ்வோர் அமர்வும் தன் மனத்தராசில் நிறுக்கிறது. அந்த வழக்கில் மற்ற நீதிபதிகளிலிருந்து மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி பகவதி அஞ்சியதும் இதைத்தான். இரண்டு வழியும் அடைபட்டிருப்பதால், குறையை நடைமுறையின் தலையில் மட்டும் கட்ட எனக்கு மனம் வரவில்லை. தண்டனையின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

குளச்சலிலிருந்து: நம் ஊரில் தூக்கு இல்லாத காலம் இருந்ததாமே?

உண்மை. அன்று நம் பகுதி அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையை ஒழித்தது. 1951இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டபோது அது திரும்பி வந்தது.

பூதப்பாண்டியிலிருந்து: களை எடுக்காமல் பயிர் விளையுமா, ஐயா?

விளையாது. ஆனால் கதிர் வரும்வரை நெல்லைப் போலவே நிற்கும் புல்லை உங்கள் வயலிலும் பார்த்திருப்பீர்கள். தாளின் அடியை விரலால் தடவிப் பார்த்துத்தான் என் தாயார் பிடுங்குவார். அப்படிப் பார்த்தும், மாலையில் வரப்பில் வாடிக் கிடக்கும் களைக் குவியலில் நான்கைந்து நெற்பயிர் இருக்கும்.