தமிழாசிரியை வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் டியூஷன்

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். கற்பிப்பதும் கதை எழுதுவதும் எனக்கு உயிர். நான்காம் வகுப்பு படிக்கும் மகனையும் வீட்டையும் கவனிப்பதில் மூன்று ஆண்டுகளாக ஒரு கதைகூட எழுதவில்லை. மாலையில் விடைத்தாள் திருத்த வேண்டியிருப்பதால், அவனுக்குத் தமிழுக்கு மட்டும் பக்கத்துத் தெருவில் டியூஷன் வைத்திருக்கிறேன். நல்ல தாயாகவும் இருந்து எழுத்தையும் காப்பாற்றுவது எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தமிழுக்கு மட்டும் டியூஷன். கணக்குக்கு வைத்திருந்தால் நான் ஒரு வார்த்தையும் கேட்டிருக்க மாட்டேன். விடைத்தாளைக் காரணம் காட்டுகிறீர்கள். தேர்வு முடிந்தால் விடைத்தாள்கள் தீர்ந்துவிடும், டியூஷனோ மாதம் தவறாமல் நடக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்பதை ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சலிக்காமல் சொல்லிக்கொடுக்கும் நீங்கள், பெற்ற பிள்ளை ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதினால் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று யாராவது உங்களைத் தேற்றக்கூடும். மொழி விஷயத்தில் அதை நான் ஏற்க மாட்டேன்.

தாய்மை ஒரு பக்கமும் தமிழ் இன்னொரு பக்கமும் உங்களை இழுப்பதாக நினைக்கிறீர்கள். இரண்டையும் பிரித்துவைத்தது நீங்கள்தான். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும், குழந்தை ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து முகம் அசைக்கும் செங்கீரையையும் வகுப்பில் விளக்கியிருப்பீர்கள். பெரியாழ்வார் கண்ணனைப் பாடுவதற்கு யசோதையின் குரலைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தக் குரல் பிறவிச் சொத்தாக வந்திருக்கிறது. உங்கள் மகன் செங்கீரையாடிய நாட்களைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதினீர்களா? எழுதுவதற்கு நேரம் இல்லை என்பதைவிட, எழுத வேண்டிய பொருளை வீட்டுக்கு வெளியே தேடினீர்கள் என்பதே எனக்கு உண்மையாகப் படுகிறது.

டியூஷனை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். பிள்ளைக்கு மொழியைக் கொடுப்பது தாயின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் சம்பளம் கொடுத்து இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது. தினமும் அரை மணி நேரம் போதும். அவன் வாய்விட்டு வாசிக்கட்டும். வாசிக்கும்போது குறுக்கே திருத்தாதீர்கள், சிவப்புப் பேனாவைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ‘வீட்டைக் கவனிப்பதில்’ என்று எழுதிய கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் உடன் இருக்கிறார் என்றால், தகப்பனின் கடமையும் தாயின் கடமைக்கு ஒரு மாற்றுக் குறைந்தது அன்று. ஞாயிற்றுக்கிழமை காலைச் சமையலும் மகனும் அவர் பொறுப்பு என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கிற குரலில் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு மணி நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுங்கள். எழுதியதை அன்றிரவே மகனுக்கு வாசித்துக் காட்டுங்கள், எந்த இடத்தில் அவன் “அப்புறம்?” என்று கேட்கிறானோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து தொடங்குங்கள்.