பாதரசம், ஈயம், காட்மியம்: கேட்டவர்களுக்குப் பதில்

தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் காற்றை அளந்து பார்ப்பதே 26 வருஷம் என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை, மருந்துச் சீட்டு கேட்காதீர்கள். பாதரசம், அதன் கூட வரும் மற்ற நச்சுகள், இவ்வளவுதான் என் எல்லை.

தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. மூன்று வயதுப் பையன் ஒரு உருண்டையை விழுங்கிவிட்டான். பதறிப்போயிருக்கிறோம். (சேலம்)

பதறாதீர்கள். திரவப் பாதரசத்தைக் குடல் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை, மலத்தோடு போய்விடும். கண்ணாடித் துண்டையும் விழுங்கினானா என்பதற்காக இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

என் பயமெல்லாம் தரையில் கிடக்கும் மிச்சத்தின் மேல்தான். அது ஆவியாகி மூச்சில் போனால் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். துடைப்பத்தைத் தொடாதீர்கள். வாக்குவம் கிளீனர் கூடவே கூடாது, ஒரு உருண்டையை ஆயிரமாக்கி வீடு முழுக்கத் தெளித்துவிடும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள், தங்கத்தில் பட்டால் வெள்ளையாகிவிடும். இரண்டு கெட்டி அட்டைகளால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். அப்புறம் அறையை இருட்டாக்கி டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள். விட்டுப்போனதெல்லாம் மின்னும்.

சிஎஃப்எல் பல்பு உடைந்தால் ஆபத்தா?

ஒரு பல்பில் சில மில்லிகிராம்தான். ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பம் வேண்டாம்.

அப்பா கோவையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். 30 வருஷமாகப் பட்டறைக் குப்பையிலிருந்து பாதரசம் போட்டுத் தங்கம் எடுக்கிறார். இப்போது கை நடுங்குகிறது, சிறுநீரில் புரதம் போகிறது என்கிறார்கள். பாதரசம்தான் காரணமா?

பாதரசம் மட்டும்தானா என்று கேளுங்கள், தம்பி. இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்கு முக்கியமானது இதுதான்.

பாதரசத்தில் தங்கத்தைப் பிடிக்க வைத்து, சூடாக்கிப் பாதரசத்தை விரட்டுவார்கள். அந்த ஆவி மூளைக்குப் போனால் நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை. சிறுநீரகத்தில் தங்கினால் புரதம் கசியும். ஆக, இரண்டு அறிகுறிக்கும் பாதரசம் பொருந்துகிறது. ஆனால் அதே அறையில் வேறு என்ன நடந்தது? 'கேடிஎம்' நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காட்மியம் என்ற உலோகம் கலந்து பற்றவைத்ததால்தான் அந்தப் பெயர். ஊதுகுழல் வைத்தால் காட்மியம் புகையாகும். அதுவும் சிறுநீரகத்தில் அதே நுண்குழாய்களையே அரிக்கும். உடம்பில் சேர்ந்த பாதரச ஆவியில் பாதி வெளியேற ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். காட்மியத்துக்குப் பத்து முதல் முப்பது வருஷம். இதற்கு மேல் நைட்ரிக் அமிலப் புகை வேறு. அப்பா பீடி குடிப்பவரா? புகையிலையிலும் காட்மியம் உண்டு.

ஒவ்வொன்றும் தனித்தனியாக வரம்புக்குள் இருக்கலாம். அந்த வரம்புகள் பெரும்பாலும் ஒற்றை நச்சுக்காகப் போட்டவை, உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. சில ஜோடிகள் வெறுமனே கூடுவதில்லை, பெருகுகின்றன. அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்களைப் பற்றிய பழைய ஆய்வைப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் நுரையீரல் புற்று அபாயத்தைச் சுமார் 5 மடங்கும், புகைப்பழக்கம் மட்டும் 10 மடங்கும் ஏற்றியது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 50 மடங்கு. பாதரசமும் காட்மியமும் இத்தனை மடங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மனிதர்களில் அப்படி ஒரு சுத்தமான கணக்கு கிடையாது. இரண்டும் ஒரே உறுப்பில் இறங்குகின்றன என்பது மட்டும் நிச்சயம்.

ஒருமுறை இப்படி ஒரு பட்டறையில் அளந்தேன். மேஜை உயரத்தில் கருவி அமைதியாக இருந்தது. தரை விரிசலில் வைத்ததும் எண் ஏறிக்கொண்டே போனது. மதியம் அங்கேதான் பாய் விரித்துப் படுப்பேன் என்றான் வேலை பார்க்கும் பையன்.

செய்ய வேண்டியது: சிறுநீரில் பாதரசம், காட்மியம் இரண்டையும் கிரியேட்டினினோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயமும் பார்க்கட்டும். சிறுநீரக டாக்டரிடம் தொழிலைச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்பது அபூர்வம். வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் என்றால் அம்மாவுக்கும் பார்க்க வேண்டும்.

ஐந்து மாதக் கர்ப்பம். மீன் சாப்பிடலாமா? பிரசவம் ஆனதும் சுறாப்புட்டு தர வேண்டும் என்கிறார் மாமியார். (தூத்துக்குடி)

மீனை விடாதீர்கள் அம்மா. சாளை, நெத்திலி, காரப்பொடி தாராளமாகச் சாப்பிடலாம். சின்னதைத் தின்னும் பெரிய மீனில்தான் மெத்தில் பாதரசம் (பாதரசத்தின் இன்னொரு வடிவம்) சேரும். அது சதையின் புரதத்தில் ஒட்டியிருப்பதால் கழுவினாலும் பொரித்தாலும் போகாது. பெரிய சுறா, தளபத்து வேண்டாம். பெரிய வஞ்சிரம் எப்போதாவது ஒரு துண்டு. மாமியாரிடம் சண்டை வேண்டாம், புட்டைக் குட்டிச் சுறாவில் ஒருநாள் செய்துவிட்டு மற்ற நாளெல்லாம் சாளை என்று பேசி முடியுங்கள்.

இங்கேயும் கூட்டுக் கணக்கு உண்டு. வட அட்லாண்டிக்கின் ஃபரோ தீவுகளில் தாய்மார் பாதரசம் சேர்ந்த திமிங்கல இறைச்சி தின்றார்கள், குழந்தைகளின் கவனத்திலும் நினைவாற்றலிலும் குறை தெரிந்தது. இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் நிறைய மீன் தின்றும் அப்படிப் பெரிதாகத் தெரியவில்லை. திமிங்கலக் கொழுப்பில் பிசிபி என்ற வேறொரு நச்சும் இருந்தது. எது எவ்வளவு கெடுத்தது என்று ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் வாதாடினார்கள்.

சிஎஃப்எல் பல்பு உடைந்துவிட்டது, என்ன செய்ய?

மேலே இருக்கிறது.

நான் சித்த வைத்தியன். முறையாகச் சுத்தி செய்து புடம் போட்ட (மூடிச் சுட்ட) பாதரசம் நஞ்சல்ல. சித்தர்கள் அறியாததையா நீங்கள் கருவியில் அளந்துவிட்டீர்கள்?

வைத்தியர் ஐயா, பாதி தூரம் உங்களோடு வருகிறேன். லிங்கம் பாதரச சல்பைடு. தண்ணீரில் கரையாது, குடலும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். வீரம் (மெர்குரிக் குளோரைடு) அப்படியல்ல, நன்றாகக் கரையும், ஆளையே கொல்லும். பெயருக்கு எல்லாம் ரசச் சரக்குதான் என்றாலும் உடம்பில் வேறு வேறு பொருள். ஆனால் புடம் சேர்மத்தைத்தான் மாற்றும், பாதரசத்தைப் பாதரசம் இல்லாமல் ஆக்காது. சரியாக மாறியதா என்பதைப் பார்க்கத்தான் ஆய்வகம்.

(அதே வைத்தியர்) அலோபதி மட்டும் யோக்கியமா?

இல்லை. பூரம் என்று நீங்கள் சொல்லும் காலோமல் என்ற பாதரசச் சேர்மத்தைப் பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் பொடியாகக் கொடுத்தது இங்கிலாந்து. கைகால் சிவந்து உரிந்து குழந்தைகள் தவித்தன. 1950-களில் பொடியை நிறுத்திய பிறகு அந்த நோயே அரிதாகிவிட்டது. அவர்களும் பரம்பரையாக நம்பிக் கொடுத்ததுதான். உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஒரு மண்டலத்துக்கு என்று கொடுத்த செந்தூரம் என்ற ரச மருந்தை இரண்டு வருஷம் தின்று, கூடவே மூட்டுவலி மாத்திரையும் தினம் போடுபவரின் சிறுநீரகத்தை யார் பார்ப்பது?

(இன்னொருவர்) அப்படியென்றால் பழனி நவபாஷாணச் சிலை?

அதற்குள் நான் வரவில்லை. இந்தச் சண்டையில் பதினோரு கேள்வி காத்திருக்கின்றன.

பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறேன். எடுத்துவிடலாமா?

அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். நன்றாக இருக்கும் அடைப்பைக் குடைந்தால்தான் ஆவி அதிகம் வரும். விட்டுவிடுங்கள்.

உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்க 'டீடாக்ஸ்' ஊசி போடலாமா? விளம்பரம் பார்த்தேன்.

வேண்டாம். 2005-இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுப் பையனுக்கு இதே பெயரில் ஈடிடிஏ என்ற உலோகம் நீக்கும் மருந்தின் தவறான வகையை ஏற்றினார்கள். இரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்துபோனான். அளந்து உறுதியான பிறகு, ஆஸ்பத்திரியில் மட்டும்.

பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம் தடவுகிறேன். கால் வீங்குகிறது.

இன்றே நிறுத்துங்கள், ஆனால் டப்பாவை எறியாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். இப்படிப்பட்ட கிரீமில் இருக்கும் பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மலப்புரத்தில் சிறுநீரக டாக்டர்கள் 2023-இல் கண்டுபிடித்தார்கள்.

கொடைக்கானல் போகிறோம். தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்த ஊர், பயமாக இருக்கிறது.

சுற்றுலாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியிருந்தது உள்ளே வேலை செய்தவர்கள். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடைக்குப் போனது தெரிந்து, 2001-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு எட்டியது 2016-இல்.

தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டேன். ஒன்றும் ஆகாதல்லவா?

துடைப்பத்தையும் பையில் கட்டி வெளியே வையுங்கள். பிள்ளைகள் இன்று அந்த அறையில் தூங்க வேண்டாம். டார்ச் இருக்கிறதா வீட்டில்?