சென்னையிலிருந்து காரைக்குடிக்குக் குடிவர நினைக்கிறேன். வேலை, கடைகண்ணி, சாப்பாடு எல்லாம் எப்படி? எனக்கும் ஏதாவது வேலை கிடைக்குமா?

கணவருக்கு இங்கே வேலை கிடைத்து, பின்னாலேயே மூட்டை கட்டுகிறவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்வியின் கடைசியில் "எனக்கும் ஏதாவது வேலை கிடைக்குமா" என்று ஒட்டவைத்திருக்கிறீர்களே, அந்த "எனக்கும்" காட்டிக்கொடுத்துவிட்டது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். நானும் அப்படி வந்தவள்தான்.

2016 ஜூன் மாதம் அம்பத்தூரிலிருந்து வந்து இறங்கினோம். அவருக்கு ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வக வேலை. எனக்குப் பதினொரு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அனுபவம், டேலி அத்துபடி, மாதம் 24,000 சம்பளம் வாங்கிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்த எரிச்சல் வேறு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நகரத்தார், அதாவது இந்த ஊர்ச் செட்டியார், இல்லை; இந்த மண்ணில் பிறந்தவளும் இல்லை. "நேத்து வந்தவ ஊரைப் பத்தி எழுதுறா" என்று பின்னூட்டம் போட நினைப்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். வந்து ஒட்டிக்கொண்டவளுக்குத்தான் எங்கெங்கே ஒட்டவில்லை என்று தெரியும்.

வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். இங்கே வீடு விளம்பரத்தில் கிடைக்காது. தரகரோடு நாலு தெரு நடந்தோம். போன இடமெல்லாம் முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி "என்ன ஆளுக?" கொஞ்சம் கூடச் சுற்றி வளைக்காமல், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில். ஒரு வீட்டில் நாங்கள் பதில் சொன்னதும், "அடடா, சாவி மகன்கிட்டல்ல இருக்கு, அவன் மெட்ராஸ்ல இருக்கான்" என்றார் அந்த அம்மா. சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அது சலசலத்தது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சென்னையில் மட்டும் கேட்பதில்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். கேட்கிறார்கள், "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா" என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் அதே கேள்விதான் கடைசியில் வீட்டையும் வாங்கித் தந்தது. பக்கத்திலிருக்கும் கோட்டையூரில், கல்விக்கு வாரிக் கொடுத்த அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. வீட்டுக்கார ஆச்சியும் "எந்த ஊரு?" என்றுதான் ஆரம்பித்தார். நான் சலித்துப்போய், அம்மா ஊர், அப்பா ஊர், மாமியார் ஊர், தாத்தா செய்த தொழில் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் முழுதாகக் கேட்டார். "உங்க தாத்தா ரயில்வேயில இருந்தாகளா? எங்க அப்பச்சி பர்மாவுல இருந்து வந்து இறங்குனப்ப ரயில்வேக்காரக ஒருத்தகதான் டிக்கெட் எடுத்துக் குடுத்தாகளாம்" என்றார். எந்த ரயில்வேக்காரரோ, எந்த ஸ்டேஷனோ. வாடகை 3,500 என்று அங்கேயே முடிந்தது.

ஆச்சி என்ற சொல்லையும் பழகிக்கொள்ளுங்கள். நமக்கு ஆச்சி என்றால் மசாலா பாக்கெட் அல்லது திருநெல்வேலிப் பாட்டி. இங்கே கல்யாணமான செட்டியார் வீட்டுப் பெண் எவரும் ஆச்சிதான். இருபத்தைந்து வயதுப் பெண்ணை நாற்பது வயதுக்காரர் "வாங்க ஆச்சி" என்று கூப்பிடுவதைப் பார்த்து முதல் வாரம் திகைத்துப்போனேன்.

பெரிய வீடு என்றதும் படத்தில் பார்த்தது ஞாபகம் வரும். மயங்காதீர்கள். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு. அவர்கள் சென்னையில், கோலாலம்பூரில் இருப்பார்கள், பூட்டு இங்கே இருக்கும். ஓடு ஒன்று உடைந்தால் மாற்றுவதற்கு ஏழு பேரிடம் பேச வேண்டும். மழை பெய்தால் வளவில் விழும் தண்ணீரைப் பார்க்க அழகு, கூட்டித் தள்ளுகிறவளுக்கு இடுப்பு வலி. வருடத்தில் ஒருமுறை படைப்புக்கு, அதாவது முன்னோரைக் கும்பிட, எல்லோரும் வந்து இறங்கிவிடுவார்கள். அன்றைக்கு நம் துணி காயப்போடுகிற கொடி முதற்கொண்டு அவிழ்த்துவிட வேண்டும். இரண்டு வருடம் இருந்தோம். இப்போது காரைக்குடி டவுனில் சாதாரண இரண்டு படுக்கையறை வீடு. வெளவால் இல்லை.

சரி, வேலை. அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, 1985இல் வந்தது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்தது. கல்லூரிகள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள். புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள். கானாடுகாத்தானில் பழைய வீடுகளை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள், ஆங்கிலம் பேசினால் அங்கே மதிப்பு. 2024இல் காரைக்குடியை மாநகராட்சியாக்கினார்கள். ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்று மனதில் இருந்தால் வீட்டிலிருந்து பார்க்கிற வேலையாகப் பிடித்துக்கொண்டு வாருங்கள். இங்கே வந்து தேடுவதற்கு அது கிடையாது.

எனக்குக் கிடைத்த கதை வேறு. நாலு மாதம் வேலை தேடும் தளங்களில் விண்ணப்பம் போட்டேன். வந்த அழைப்புகள் எல்லாம் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கச் சொல்லித்தான். ஒருநாள் சாயங்காலம் ஆச்சி, "ஏம்மா, நீ கணக்குப் படிச்சவதானே, ஏன் சும்மா உக்காந்திருக்க?" என்றார். நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அவர் வளவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை என்னை ஒரு பலகாரக்கடைக்குக் கூட்டிப் போனார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று கல்யாணத்துக்குக் கூடைகூடையாகப் போகிற இடம். பெட்டியடியில், அதாவது கல்லாவில், ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சான்றிதழை எல்லாம் அவர் கையால் தொடவே இல்லை. நீளவாக்கில் மடித்த ஒரு பேரேட்டை நகர்த்தி, "இன்னைக்கு வரவு செலவை எழுதுங்க" என்றார்.

அரிசி அரைவைக் கூலி, எண்ணெய் இரண்டு டின், வெல்லம், ஆள் கூலி, கொப்பரை ஈயம் பூச. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வரவு இடது பக்கம், செலவு வலது பக்கம், கூட்டிக் கையிருப்புப் போட்டு நீட்டினேன். பார்த்தார். எண்களைப் பார்க்கவில்லை, தாளின் தலையைப் பார்த்தார். "மேல ஒண்ணும் இல்லையே" என்று நோட்டைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். எனக்கு விளங்கவில்லை. ஆச்சி முழங்கையால் இடித்து, "பிள்ளையார் சுழி" என்று முணுமுணுத்தார். கணக்குக்கு மேலே இருந்த விரற்கடை இடத்தில் ஒரு "உ" போட்டு, அவர் சொன்னபடி "சிவமயம்" என்றும் எழுதினேன். அப்புறம்தான் கூட்டலைச் சரிபார்த்தார், வாயாலேயே, என்னைவிட வேகமாக.

"ஐந்தொகை போடுவீகளா?" என்று கேட்டார். அது என்னவென்று தெரியாமல், "தெரியாது ஐயா, கத்துக்கிறேன்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் கேட்டால், ஐந்தொகை என்பது பேலன்ஸ் ஷீட். பதினொரு வருடம் நான் போட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் போய்ச் சொன்னதும் பெரியவர் ரொம்ப நேரம் சிரித்தார். சம்பளம் 9,000, மத்தியானச் சாப்பாடு அங்கேயே. சென்னைச் சம்பளத்தில் பாதிகூட இல்லை என்று நீங்கள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. நானும் போட்டேன். வாடகை, பஸ், மத்தியானச் சாப்பாடு மூன்றையும் கழித்துப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை என்றுதான் சொல்வேன், லாபம் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். டேலியைக் கொண்டுவந்தது நான். பேரேடும் கூடவே நடக்கிறது, "உ" போட்டுத்தான்.

கடைகண்ணியைப் பற்றிக் கவலையே வேண்டாம். சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, ஆன்லைனில் போட்டால் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. வாரச் சந்தையில் நாட்டுக் காய் வாங்குங்கள். மீன் தொண்டிப் பக்கத்திலிருந்து வரும். முதல் மாதம் நான் போய்க் கேட்டால் ஒரு விலை, பக்கத்து வீட்டம்மா கேட்டால் ஒரு விலை. மூன்றாம் மாதம் மீன்காரர் எனக்கென்று நகரை மீனை எடுத்து வைக்க ஆரம்பித்தார். நடுவில் நடந்தது ஒன்றுதான், நான் கோட்டையூரில் யார் வீட்டில் குடியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. குடிதண்ணீருக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று இங்கே உள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கேன் தண்ணீரில் வளர்ந்த என் பிள்ளைக்கே வித்தியாசம் தெரிந்தது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். சம்பளம் வாங்கிய அன்று அந்தப் பக்கம் போகாதீர்கள். எனாமல் தூக்கு ஒன்று வாங்கப் போய் நான் ஏழு வாங்கி வந்தேன்.

சாப்பாட்டில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. சென்னையில் "செட்டிநாடு" என்று போர்டு போட்டு சிவப்புச் சாயத்தில் மிதக்கவிட்டுத் தருகிறார்களே, அதை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாறுவீர்கள். நான் வந்த இரண்டாம் நாள் கொல்லையில் அரிசி களைந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஆச்சி தூணுக்குப் பின்னாலிருந்து, "ஏ, ஏ, கொட்டாதே" என்று ஓடி வந்தார். ஏதோ பாம்பு என்று நினைத்து நான் நாலடி பின்னால் குதித்தேன். முதல் தண்ணீர் போகட்டும், இரண்டாவது தண்ணீரைப் பிடி என்றார். அந்தக் களனித் தண்ணியிலேயே புளியை ஊறப்போட்டுக் கரைத்தார். சட்டியில் கடுகு, உளுந்து, வெந்தயம், பெருங்காயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சைமிளகாய், நறுக்கிய வெண்டைக்காய் என்று வதக்கினார். வெண்டைக்காயின் வழவழப்பு அடங்குகிற வரை கரண்டியை எடுக்கவில்லை. பிறகு புளித் தண்ணீரை ஊற்றினார். மிளகாய்ப்பொடி இல்லை, தேங்காய் இல்லை, கல்பாசி அன்னாசிப்பூ எதுவும் இல்லை. கெட்டியாகி மேலே மினுமினுப்பு வந்ததும் இறக்கினார். வெண்டைக்காய் மண்டி. அன்றைக்கு நான் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவில்லை, மண்டிக்குச் சோற்றைத் தொட்டுக்கொண்டேன்.

மெஸ்ஸில் காலைப் பலகாரத்துக்குப் போனால் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் கோசமல்லி இருக்கிறதா என்று கேளுங்கள். கூட்டு, பொரியலை "வெஞ்சனம்" என்பார்கள், விழிக்காதீர்கள். காரம் தாங்காது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கறி நாளில் காரம் உண்டு, அதில் பொய் இல்லை. மற்ற நாளில் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. மதுரைக்காரர்கள் மறுப்பார்கள், மறுக்கட்டும்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. இங்கே குடிவந்த பிறகு உங்களுக்குத் தெரியாத சொந்தக்காரர்கள் எல்லாம் முளைப்பார்கள். சென்னையில் பத்து வருடம் ஒரே பேட்டையில் இருந்தும் எட்டிப்பார்க்காத நாத்தனார், "அண்ணி, கந்தரப்பம் ரெண்டு கிலோ கூரியர்ல போடுங்க, பணம் அனுப்பிடுறேன்" என்பார். கந்தரப்பம் இனிப்புப் பலகாரம், கூரியரில் மூன்று நாள் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, பணம் அனுப்புவதும் தெரியாது. கண்டாங்கிச் சேலை கேட்பார்கள், அனுப்பினால் "கலர் இவ்வளவு அழுத்தமா இருக்கே" என்பார்கள். பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள் நம் வீட்டில் இறங்கி, நம்மையே கானாடுகாத்தான் வரை வண்டி பேசச் சொல்லி, நாலு வீட்டு வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு, "உனக்கென்னப்பா, அரண்மனையில இருக்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் மச்சினர் ஒருவர் ஆத்தங்குடித் தரைக்கல் நாற்பதைக் காரின் டிக்கியில் போட்டு எடுத்துப் போனார். அது கண்ணாடி மேல் வார்ப்பது, சூளையில் சுடுவதில்லை, மூலை தட்டினால் போச்சு என்று கடைக்காரரே சொன்னார். கேட்கவில்லை. அம்பத்தூர் போய்ச் சேர்ந்ததும் பதினாறு உடைந்துவிட்டதென்று போன் வந்தது, எனக்கு. பணம் இன்னும் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு பார்க்க முகூர்த்த நாளில் வராதீர்கள். வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு இங்கேதான் திரும்புவார்கள், லாட்ஜில் அறை கிடைக்காது. நீங்கள் கேட்ட அதே கோட்டையூர்ப் பின்கட்டு இப்போது காலியாகத்தான் இருக்கிறது என்று எழுத வந்தேன், பார்த்தால் நீங்கள் அப்படி எதையும் கேட்கவே இல்லை. பரவாயில்லை. வேண்டுமென்றால் ஆச்சியிடம் சொல்லி வைக்கிறேன். ஆனால் யாரு, எந்த ஊரு என்று அவர் என்னைத்தான் கேட்பார். உங்கள் தாத்தா என்ன செய்தார் என்பதையாவது ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.