மகள் வீட்டுப்பாடம் எழுதும் இடம்

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. திருமணமாகி 11 ஆண்டுகள், ஏழு வயதில் ஒரு மகள். கணினியில் பெரியவர்களுக்கான கதை விளையாட்டு ஒன்றை விளையாடுகிறேன். ஒரு கணவன், அவன் மனைவி, அவளுக்குப் பழக்கமாகும் பக்கத்து வீட்டுக்காரன். நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதன்படி கதை பிரிந்து போகும். 14 முடிவுகளில் 11ஐப் பார்த்துவிட்டேன். செவ்வாய், வியாழன், சனி மாலைகளில்தான் விளையாடுவேன். என் மனைவி அவள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் நாட்கள் அவை. மகளும் கூடப் போய் அங்கேயே வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவாள், அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. போன மாதம் ஒரு நாள் மடிக்கணினியை மூடாமல் தூங்கிவிட்டேன். மனைவி பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை, மகள் அறைக்குப் படுக்கப் போய்விட்டாள். இன்னொரு பெண்ணை நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஒரு விளையாட்டு துரோகமாகுமா? உண்மையில் நான் தேடுவது அந்தக் குடும்பம் பிரியாமல் இருக்கும் முடிவைத்தான். இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். கதை விளையாடியவனைச் சோரம் போனவன் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. ஆனால் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தில் 54ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மண வாழ்க்கை முறிந்துவிட்டதா என்று பார்க்க அங்கே சொல்லியிருப்பவற்றில் முதலாவது பிறரோடு உறவு. அதற்கு அடுத்ததே, இவரோடு சேர்ந்து வாழ் என்று சொல்வது நியாயமில்லை என்னும்படி ஒருவர் நடந்துகொள்வது. முதலாவதில் நீங்கள் இல்லை. இரண்டாவதை நிதானமாகப் படியுங்கள்.

அந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினீர்களே, உங்கள் மனைவிக்குப் பதிலாக மகள் வந்து பார்த்திருந்தால்? சரி, இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

நான் பேச வேண்டியது வேறொரு வரியைப் பற்றி. "மகளும் கூடப் போய் அங்கேயே வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவாள், அதனால் யாருக்கும் தொந்தரவில்லை." இதை எழுதும்போது உங்கள் கை நிற்கவே இல்லையா?

நீங்கள் ஒரு தடவையாவது அங்கே போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். கையில் இரண்டு பெரிய ஊசி. முடிந்ததும் உடனே எழுந்து வர முடியாது. ஊசி எடுத்த இடத்தை ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். எழுந்தால் தலை சுற்றும், சிலருக்குக் கால் தசை சுருட்டி இழுக்கும். அந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றி, வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு உங்கள் மனைவி திரும்ப வேண்டும். வாரம் மூன்று நாள் என்றால் வருடத்துக்கு 156 மாலைகள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை, மறுநாள் விடிவதற்குள் எழுந்து பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளை, காத்திருக்கும் இடத்து நாற்காலியில் மடியில் புத்தகம் வைத்து எழுதுகிறது. அப்பா வேலை முடிந்து வீட்டில்தான் இருக்கிறார்.

பினாங்குப் பாலத்து நெரிசலில் களைத்து வருகிறேன் என்பீர்கள். களைத்தவர் படுத்துத் தூங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. உங்கள் கடிதத்தில் மனைவி வேலைக்குப் போகிறாரா என்று இல்லை. மாமியாருக்கு எத்தனை வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது என்று இல்லை. 14இல் 11 என்ற கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது.

என் தம்பி மகன் மென்பொருள் எழுதுகிறவன். அவனைக் கூப்பிட்டு இந்த விளையாட்டெல்லாம் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். ஒவ்வொரு தேர்வுக்கும் கண்ணுக்குத் தெரியாமல் புள்ளி ஏறும், இறங்கும். முதல் சில அத்தியாயங்களில் செய்ததுதான் கடைசியில் எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பல சமயம் தீர்மானிக்கும் என்றான். அப்படியானால் அந்தக் கதையின் மனைவி எந்த இரவில் தனியாக விடப்பட்டாள், எந்த வார்த்தைக்கு முகம் வாடினாள் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். அவ்வளவு கவனம் உங்களிடம் இருக்கிறது. பத்தரை மணிக்குக் கார் சத்தம் கேட்கும்போது எழுந்துபோய் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா? தூங்கிவிழும் மகளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்திருக்கிறீர்களா?

அவன் இன்னொன்றும் காட்டினான். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பக்கத்தில், ஒவ்வொரு படத்தோடும் தேதியும் நேரமும் இருக்கிறது. உங்கள் மனைவி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால், செவ்வாய் 7.40, வியாழன் 8.15, சனி 9.05 என்று வரிசையாக இருந்திருக்கும். அந்த ஒவ்வொரு நிமிடத்திலும் தான் எங்கே இருந்தோம் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் சண்டை போட அவருக்கு என்ன இருக்கிறது?

பெண்ணைக் கட்டியவன் அவள் பெற்றோரையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறான். இதில் நான் பழைய ஆள், மாற மாட்டேன். என் அப்பாவுக்கு இனிப்புநீர் நோயால் சிறுநீரகம் போனது. பகலெல்லாம் லோரி ஓட்டிவிட்டு வந்து, குளிக்காமல்கூட, அப்பாவைக் காரிலிருந்து தூக்கி இறக்கியவர் என் கணவர். எனக்கு அவரிடம் ஆயிரம் குறை உண்டு. அந்தக் கைகளை நினைத்தால் ஒன்றும் சொல்லத் தோன்றாது.

அதனால் மனைவிக்கு எதையும் புரியவைக்கப் போகாதீர்கள். விளையாட்டை அழித்துவிடுங்கள். அழித்துவிட்டேன் என்று போய் அவர் முன்னால் நிற்காதீர்கள். செவ்வாயும் சனியும் இனி நான் அத்தையைக் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், அதையும் உபகாரம் போலச் சொல்லாமல். அந்த மாலைகளில் தாயும் மகளும் வீட்டில் இருக்கட்டும். பிள்ளை நேரத்தோடு தூங்கட்டும். வியாழக்கிழமை மனைவி போனால் மகள் உங்களோடு இருக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுங்கள்.

போகுமுன் சிலவற்றை மனைவியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊசி போடும் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடக் கூடாது, கைப்பையை மாட்டக் கூடாது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதற்கு அளவு இருக்கும். பாசம் பொங்கி வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதில் இருக்கும் பொட்டாசியம் அவர்களுக்கு ஆகாது. நட்சத்திரப் பழம் அவர்களுக்கு விஷம். அங்கே போனதும் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய நீரெல்லாம் போனபின் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எடை குறித்து வைத்திருப்பார்கள். உங்கள் மனைவிக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

அவர் மகள் அறையிலிருந்து எப்போது திரும்பி வருவார் என்று என்னைக் கேட்காதீர்கள், அவரையும் கேட்காதீர்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அந்த மிச்சம் மூன்று முடிவுகளைப் பற்றி எழுத வேண்டாம். அத்தையின் எடை எத்தனை கிலோவில் நிற்க வேண்டும் என்று எழுதுங்கள்.