ரோட்டரிக்கு அழைப்பு: சேரலாமா?

ஈரோட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது, பக்கத்து வீட்டு மருத்துவர் ரோட்டரி என்ற தொண்டுச் சங்கத்தில் சேரச் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் சூது எதுவும் இல்லை ஐயா. உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்து சேர்ப்பதுதான் அங்கே வழக்கம். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கியபோதே வெவ்வேறு தொழில்காரர்களைக் கூட்டுவதுதான் எண்ணம். நீங்களோ கணக்குத் தணிக்கையாளர், விடமாட்டார்கள். (அடுத்த வருடமே பொருளாளர் பதவி உங்கள் தலையில் விழும்!)

உடனே படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விருந்தினராக மூன்று, நான்கு கூட்டங்களுக்குப் போய் வாருங்கள். நான் முதலில் போன சங்கத்தில் ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பொன்னாடை போர்த்துவதிலேயே கழிந்தது. அடுத்ததில், கண் சிகிச்சை முகாமுக்கு எத்தனை நாற்காலி, வேனுக்கு டீசல் யார் பொறுப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் சேர்ந்தேன்.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். சொல்லும் சந்தாவில் பன்னாட்டு அமைப்புக்கும் ரோட்டரி மாவட்டத்துக்கும் (பல சங்கங்கள் சேர்ந்த பிரிவு) போகும் பங்கு அடங்குமா, சாப்பாட்டுச் செலவு தனியா என்று விசாரியுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் ரோட்டரியின் இளைஞர் சங்கமான ரோட்டராக்ட் இருக்கிறது. அதன் 30 வயது உச்சவரம்பை 2020இல் எடுத்துவிட்டார்கள்.